பதினேழாம் குப்பி

கிசுமு நகரெங்கும் நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள்.
வந்த பதில் ஒன்று:
"சம்பளம் கிடையாது. நாற்காலி உண்டு."

மட்டாட்டு வேனுக்குக் கொடுத்தது போக
மதியத்துக்கு மிஞ்சியது ஒரு மண்டாசிப் பணியாரம்.
ஏரித் தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில்
முதல் மாதம் முழுக்க
அவுவோர் குப்பி கழுவினாள்.
கல்லூரியில் கேட்டவர்களிடம்
"ஆராய்ச்சி" என்றாள்.

ஒரு வியாழன்
பதினேழாம் குப்பி நிறம் மாறியது.
தான்தான் சரியாகக் கழுவவில்லையோ என்று
இரண்டாம் முறை,
மூன்றாம் முறை.
ஒலூச் எதுவும் பேசவில்லை,
தொலைபேசியை எடுத்தார்.
மாலைக்குள் சந்தைக் குழாய்க்குப் பூட்டு.

சான்றிதழில் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள்.
திருத்தச் சொல்லவில்லை அவள்.
அன்றைய தாளின் ஓரத்தில்
ஒலூச்சின் கோணல் எழுத்தில்,
'கண்டவர்: அவுவோர் ஒகோலா'
பிழையின்றி இருக்கிறது.

நாற்காலிக்கு ஒரு கால் ஆடும்.
அடுத்து வருபவருக்காக
அட்டை மடித்துச் செருகிவிட்டு வந்தாள்.