நகராத ஒன்று

வின்ச் மட்டும் நாற்பது கிலோ.
பம்பரில் ஏற்றியதும் வண்டி
கடன் கேட்க வந்தவன்போல் கொஞ்சம் குனிந்தது.
ஸ்பிரிங்கை மாத்திடலாம் சார் என்றேன்.
அடுத்த மாசம் என்றார் நெவில் சார்.
அடுத்த மாசம் அவர் லடாக்கில் இருப்பார்.

பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் இரண்டு பேட்டரி.
ஃபிரிட்ஜும் விளக்கும் ராத்திரியெல்லாம் குடித்தாலும்
காலையில் எஞ்சின் எழுந்திருக்கணும்,
அதற்கு நடுவில் ஒரு ஐசொலேட்டர்.
கட்டைவிரல் பருமன் கேபிள்.
லக்கை நசுக்கி, கிரீஸ் தடவி, டேப் சுற்றினேன்.
எண்ணூர்க் காற்று செம்பைப் பச்சையாக்க
ஒரு மழைக்காலம் போதும்.

இனி இழுத்துப் பார்க்கணும்.
கொக்கியை எதில் மாட்ட?
ஈ.பி. கம்பம் வேண்டாம்.
சர்ச் மதில் வேண்டவே வேண்டாம்.
நகராத ஒன்று வேணும்.

துறைமுகத்துக்கு நின்ற வரிசையின் வாலில்
ஒரு கன்டெய்னர் லாரி.
டயருக்கடியில் கல், கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டவ்,
ஸ்டவ்வில் ரசம்.
"மாட்டிக்க" என்றார் டிரைவர் பச்சைமுத்து,
"மூணு நாளா இங்கதான் இருக்கேன்."

கயிற்றின்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி
ரிமோட்டை அழுத்தினேன்.
டிரம் முனகியது.
லாரி அசையவில்லை.
நியூட்ரலில் கிடந்த எங்கள் வண்டி
அங்குலம் அங்குலமாய் அதனிடம் போனது,
பேர் சொன்னதும் வருகிற நாய்போல.

"எந்த ஊருக்கு?"
"லடாக்."
கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.
"எனக்கு ரெண்டு கிலோமீட்டர்தான்ப்பா. கேட் வரைக்கும்."

செத்துப்போன போனை நீட்டினார்.
புது பேட்டரியின் முதல் வேலை அது.
நாலு சதவீதம் ஏறியிருக்கும்,
முன்னால் ஹாரன்கள்.
வரிசை நகர்ந்தது.

கொக்கி, கொக்கி, கொக்கியைக் கழற்று!