கூடு விட்டுக் கூடு

ரெஜைனாவில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
எஞ்சின் உறையாமலிருக்கக்
காரைச் சுவர் பிளக்கில் மாட்டிவிட்டு
மாடியில் உட்கார்ந்திருக்கிறேன்.
கீழே, தானியத்தை மேலேற்றும் திருகுகளுக்குப்
பச்சை வண்ணம் அடிக்கிறார்கள்.

என் வேலை அவற்றின் கையேடு.
உயிர் ஒன்று: ஒன்பது அத்தியாயம், எல்லாம் குறிகளுக்குள்.
உடல் மூன்று வேண்டும்.
அச்சுக்கு, டிராக்டரின் திரைக்கு, விற்பவர்களின் கைபேசிக்கு.
கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும்,
பாய்ந்துவிடும்.

பாயவில்லை.
பிள்ளையார் சுழி மாதிரி முதல் வரி சரியாகத்தான் இருக்கிறது.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டில்
திறந்த குறியை யாரோ மூடாமல் போயிருக்கிறார்கள்.
இந்தக் குளிரில் கதவைத் திறந்துபோட்டது யாரென்று
வாய்விட்டே திட்டினேன்.
பதிவேட்டில் பார்த்தால் நான்தான்.
போன செவ்வாய், மாலை நாலரை.

பிரெஞ்சில் பெயர்க்கச் சொல்லுக்கு இருபத்திரண்டு சென்ட்.
சுருக்கச் சொன்னார்கள்.
கோப்பைத் திறக்காமலே
ஒற்றை வரி ஸ்கிரிப்டால் வெட்டினேன்:
'திருகு முழுதும் நின்று
சாவியை உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகு'
என்றிருந்தது
'நின்ற பிறகு' ஆயிற்று.
அதோடு மூடும் குறியும் போயிருக்கிறது.

இன்றுதான் கோப்புக்குள் போகிறேன்.
வெட்டிய இடத்துக்கு மேலே
வியப்புக்குறியும் இரண்டு சிறு கோடுகளும் போட்டு
மறைத்த குறிப்பொன்று.
எனக்கு முன் இந்த நாற்காலியிலிருந்த
டேரில் ஹ்ரின்சக் எழுதியது.

'இதைச் சுருக்க வேண்டாம்.
வேபர்ன் பையன். இடது கை.
அறுவடையின் நாலாம் நாள்.'

மாற்றிக் கொடுக்கும் கருவி இதைத் தொடாது.
காகிதத்தில் வராது, திரையில் வராது,
எந்தக் கூட்டுக்கும் பாயாமல்
பதினொரு வருடம் இங்கேயே கிடந்திருக்கிறது.

சாவியைத் திரும்ப வைத்தேன். சட்டைப்பையையும்.
குறியை மூடினேன். தட்டினேன்.
பதினேழு எச்சரிக்கை, பிழை ஏதுமில்லை.
எச்சரிக்கைகளை நான் படிப்பதில்லை,
எழுதித்தான் பழக்கம்.

இன்று படித்தேன்.
பதினாறு எழுத்துரு பற்றியவை.
ஒன்று, அட்டவணை பக்கத்தை மீறுகிறதாம். மீறட்டும்.

பிறகு ஹ்ரின்சக்கின் குறிப்புக்குக் கீழே
அதே இரண்டு கோடுகளுக்குள்
'சுருக்கியது நான். திரும்ப வைத்துவிட்டேன். மங்களா'
என்று சேர்த்துச் சேமித்தேன்.

கீழே ஒரு திருகைச்
சோதனைக்கு ஓட்டுகிறார்கள்.
மேசையில் தேநீர் நடுங்குகிறது.