சிந்தாதிரிப்பேட்டை ஐஸ்

கம்ப்ரஸர் போய்விட்டது அண்ணே என்று
விடிகாலை நாலே முக்காலுக்கு
பியூலா போன் செய்தபோது
நான் கனவிலும் ஒரு கேஸ் லீக்கைத்
தேடிக்கொண்டிருந்தேன்.

தரமணி, இரண்டாவது மாடி.
கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
இரவெல்லாம் கரண்ட் வந்து வந்து போனதில்
ஃப்ரீஸரின் நெஞ்சு நின்றிருந்தது.
பின்பக்கம் காது வைத்தேன்.
சத்தமில்லை. சுருள் கருகிய வாசனை மட்டும்.
புதுசு வந்து சேர மதியம் ஆகும் என்றேன்.
அவள் கதவின் சிவப்பு எண்களையே பார்த்தாள்.
மைனஸ் பதினொன்று.
மைனஸ் ஒன்பது.

உள்ளே என்ன, ரத்தமா, மருந்தா?
பாசி, என்றாள்.

சிரிப்பை நான் மறைக்கவில்லை.
பாசியோடு எனக்குப் பதினெட்டு வருடப் பகை.
இந்த ஊரில் ஏசி தண்ணீர் சொட்டும் இடத்திலெல்லாம்
வந்து உட்கார்ந்துகொள்ளும்.
அசோக் நகர் பால்கனி,
அண்ணா சாலை லாட்ஜின் பின்சுவர்,
ஒரு நீதிபதி வீட்டு சன்ஷேட்.
கம்பி பிரஷ்ஷால் நான் சுரண்டித் தள்ளியதைக்
கூட்டி அள்ளினால்
ஒரு லோடு தேறும்.

இது அது இல்லை.
பழுப்புக் காகித உறையைப் பிரித்தாள்.
கட்டை விரல் அளவு கறுப்பு,
பீடி அணைத்த இடம் மாதிரி.
உலகத்தின் அடியில் ஒரு பாறையிலிருந்து
கப்பலேறி வந்ததாம்.
வருடத்தில் சில வாரம்தான் அங்கே
தண்ணீர், தண்ணீராக இருக்குமாம்.
அதற்குள் ஒரு மில்லிமீட்டர் வளரும்.
சில வருடம் அதுவும் இல்லை.
மீதி நாளெல்லாம்?
காய்ந்து, உறைந்து, சும்மா இருக்கும்.
செத்துப்போயா?
இல்லண்ணே. சும்மா இருக்கும்.

வீட்டில், கடையில், பள்ளிக்கூடத்தில்
அந்தச் சொல்லை என் மேல்தான் எறிந்திருக்கிறார்கள்.
யாருக்காவது அது பட்டமாக இருந்து
கேட்டது அன்றுதான்.

மைனஸ் ஆறு.

தெர்மோகோல் பெட்டியைக் காலிடுக்கில் வைத்து
ஸ்கூட்டரை விரட்டினேன்.
சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில்
லாரியிலிருந்து பாளம் பாளமாய் ஐஸ்.
எத்தனை கிலோ வஞ்சிரத்துக்கு என்றார் யூசுப் பாய்.
மீனுக்கு இல்லை, பாசிக்கு.
ஓங்கிய சுத்தியல் அந்தரத்தில் நின்றது.
ஏற இறங்கப் பார்த்துவிட்டு
ஒரு கூடை கூடுதலாகவே கொட்டினார்,
பைத்தியத்துக்குப் போடும் தர்மம்.

கல்லுப்பு கலந்து திணித்தோம்,
குல்ஃபி வண்டிக்காரர் வித்தை.
ஐஸில் சங்கராவின் செதில்கள் மினுங்கின.
லேப் முழுக்கக் கவுச்சி.
மன்னிச்சுக்க தாயே என்று
உறைகளிடம் முனகினேன்.

பியூலா அன்று முதல்முறை சிரித்தாள்.
அந்தப் பாறையில் ஒரு காலத்தில்
பென்குயின்கள் குடியிருந்தனவாம்,
ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னால்.
கூனியும் மீனும் தின்று
அவை கழித்துவிட்டுப் போன எச்சத்தில்தான்
இன்றைக்கும் இது கைநனைக்கிறதாம்.
விருந்து வைத்தவர்கள் போய்விட்டார்கள்,
பந்தி முடியவில்லை.
கவுச்சி இதுக்குப் புதுசில்லண்ணே.

மதியம் இரண்டரைக்கு எண் இறங்கத் தொடங்கியது.
பெட்டியின் அடியில் ஒரு துணுக்கு உதிர்ந்து கிடந்தது.
அவள் கண்ணாடித் தட்டில் வைத்து
இரண்டு சொட்டு விட்டாள்.
கேன்டீன் டீ ஆறுவதற்குள்
கறுப்பின் நுனியில் ஒரு பச்சை,
இருக்கிறதா இல்லையா என்று
சண்டை போடலாம் போல.
நான் இருக்கிறது என்றேன்.

பில்லில் ஐஸுக்குக் காசு எழுதவில்லை.
பெட்ரோலுக்கு எழுதினேன்.

சாயங்காலம் சைதாப்பேட்டையில் ஒரு சுவர்.
வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார்.
சுரண்டினேன், கூலி வாங்கியாயிற்று.
ஆனால் சொட்டும் பைப்பின் மூக்கை
வாளிப் பக்கம் திருப்பாமல் வந்துவிட்டேன்.

மழைக்காலத்துக்குள் திரும்பி வந்துவிடும்.
கூப்பிடுவார்கள்.
போக மாட்டேன்.