கல்லாவுக்குப் பின்னால்

காலை எட்டு நாற்பது காட்சி.
குஷிரோ துறைமுகத்தில்
மூடுபனி நங்கூரம் போட்டு உட்கார்ந்திருந்தது.
மீன் ஏலக் கூடத்தில் இரவெல்லாம் எடை எழுதிவிட்டு
ரப்பர் பூட்ஸோடே வந்துவிட்டேன்.
அரங்கில் என்னையும் சேர்த்து நாலு பேர்,
அதில் ஒருவர் தூங்குவதற்கென்றே சீட்டு வாங்கியவர்.

படம் நன்றாக இல்லை.
நானே முதலில் சொல்லிவிடுகிறேன்,
நீங்கள் சொல்லி நான் கேட்கவேண்டாம்.
அறுபது மணி நேர விளையாட்டைத்
தொண்ணூற்றாறு நிமிடத்துக்குள் மடித்தால்
பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துதான் மூடவேண்டும்.
மூன்றாம் தீவையே காணோம்.
நான் எழுபத்திரண்டு முறை செத்த எரிமலையை
ஒரே வசனத்தில் தாண்டிவிட்டார்கள்.
பேசவே பேசாத விளக்கேற்றிப் பெண்
திரையில் வாயைத் திறந்ததும்
யாரோ ஒரு நடிகையின் குரல் வருகிறது.
பதினேழு வருடமாக
அவளுக்கு என் குரல் என்றல்லவா இருந்தேன்.

ஆனால் அந்தக் கிணறு.

விளையாட்டில் அது கிணறே இல்லை.
ஊருக்கு ஒன்று, நீல வெளிச்சத்தோடு.
பக்கத்தில் போய் நின்றால்
அதுவரை நடந்ததெல்லாம் பத்திரமாகும்.
அவ்வளவுதான் அதற்கு வேலை.
அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் கிணற்றுக்கு ஓடுவோம்,
அரக்கன் வாசலில் நின்றால் கிணற்றுக்கு ஓடுவோம்,
நானும் தங்கை மிஹோகோவும்,
ஒரே கைப்பிடியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு.
ஐம்பத்தெட்டாவது மணி நேரத்தில்
அழித்துவிடவா என்று அது கேட்டதற்கு
ஆம் என்று அழுத்தியவள் அவள்தான்.
இரண்டு வாரம் பேசவில்லை.
அவள் தட்டிலிருந்த இறாலை மட்டும்
எடுத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

படத்தில் ஒரு பையன் வருகிறான்.
கதைக்கு அவனால் ஒரு காசு பிரயோசனமில்லை.
வாளியை இறக்குகிறான், இழுக்கிறான்,
குடிக்கிறான். கழுத்தில் வழிகிறது.
போய்விடுகிறான்.
நான் இருக்கை நுனிக்கு வந்திருந்தேன்.
அதில் தண்ணீர் இருந்திருக்கிறது!

பிறகு பாலத்துக் கடை.
மருந்துக் குப்பி ஒன்று எட்டுக் காசு.
கல்லாவுக்கு மேலே மார்பும் தலையுமாக ஒரு ஆள்.
எத்தனை முறை போனாலும்
'மழை வரும்போலிருக்கிறது' என்பான்.
அந்த ஊரில் மழையே கிடையாது.
கல்லாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகப் பார்த்திருக்கிறோம்,
முட்டி முட்டி,
காற்றில் கட்டிய சுவர் ஒன்று நிற்கும்.

படத்தில் கேமரா சும்மா அந்தப் பக்கம் போகிறது.
யாரிடமும் கேட்காமல்.
ஒரு கெட்டில். கிழிக்காமல் விட்ட நாட்காட்டி.
பாதி உரித்த ஆரஞ்சு.
முக்காலியில் அவன், முழங்கால்களோடு.
ஒரு முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறான்,
வலிக்கும்போல.
பதினோரு வினாடி. எண்ணியிருக்கிறேன்.
இத்தனை வருடம் உன்னிடம் குப்பி வாங்கியிருக்கிறேன்,
நீ நின்றுகொண்டா உட்கார்ந்துகொண்டா என்று
ஒரு நாள் கேட்டதில்லை.

அந்த வசனத்தை அவன் சொல்லவேயில்லை.
வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

ஒபிஹிரோவில் டிராக்டர் உதிரிபாகம் விற்கும் மிஹோகோவைப்
பார்க்கிங்கில் நின்றே அழைத்தேன்.
மூன்றாம் தீவு வருகிறதா என்றாள்.
இல்லை.
எரிமலை?
இல்லை.
பிறகு எந்த லட்சணத்துக்கு நாலாவது தடவை போனாய்?

முழங்காலைச் சொன்னேன்.
கெட்டிலைச் சொன்னேன், ஆரஞ்சைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் யாரோ வாடிக்கையாளர் போல்ட் கேட்கிறார்,
அவள் பதில் சொல்லவில்லை.
கடற்காகம் ஒன்று என் வண்டிமேல் வந்து உட்கார்ந்தது.

'காலில் செருப்புப் போட்டிருந்தானா?'

அதை நான் கவனிக்கவில்லை.
இரு, இரு, வைத்துவிடாதே.
நாளைக்கும் எட்டு நாற்பதுக்கு
ஒரு காட்சி இருக்கிறது.