ஒன்பது வோல்ட்

சனிக்கிழமை மாலையே மாற்றியிருக்க வேண்டும்.
லில்லிப் பூக்கள் தாமதமாய் வந்தன,
தெற்குக் கூரை ஒழுகியது, வாளி வைக்கப் போனேன்,
பேட்டரி மறந்துபோனது.
நாற்பது கிராம் இருக்குமா அது?
ஒரு திருமண்டலத்தை உடைக்கப் போதும்.

நான் ஹெஸ்டர் ஓக்கண்டன்.
ஸ்கார்ஹோம் பேராலயத்தில் பதினாறு வருஷமாய்க் கோயில்குட்டி.
வெள்ளிப்பூண் போட்ட கோலை ஏந்தி
பேராயருக்கு முன்னால் நடப்பது என் வேலை.
பின்னால் வருகிறவர் முகம் தெரியாது,
காலடி தெரியும்.
பேராயர் ஆஸ்வின் த்ரேலுக்கு இடதுகால் ஷூ கிறீச்சிடும்.
மூன்று வருஷமாய் அவர் என்னை
எனக்கு முந்தியவள் பெயரால் மேவிஸ் என்றே கூப்பிட்டார்.
நான் திருத்தவில்லை.

ஈஸ்டர் காலை. பிரசங்க பீடம்.
"நரகம் காலியாக இரு—"

அவ்வளவுதான்.
ஒலிபெருக்கி ஒருமுறை விக்கிச் செத்தது.
அவர் வாய் அசைந்ததாம், கை மூடியதாம்.
எழுநூறு பேர்
மீதியைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள்.

'இருக்கிறது' என்று கேட்டார் ஆர்ச்டீக்கன்.
இரவு விளக்கணைக்கு முன் கடிதம் எழுதிவிட்டார்.
'இருக்காது' என்றுதான் காதில் விழுந்தது எனச் சத்தியம் செய்தார்
காது மந்தமான கர்னல் விட்ச்கோட்; அதில் அவருக்கு ஒரு நிம்மதி.
வால்டா பெட்டிங்ஃபீல்டுக்கு 'இருக்கட்டும்'.
களஞ்சிய உத்தரத்திலிருந்து மகனை இறக்கியவள்,
பதினோரு வருஷம் கழித்து அன்று
நற்கருணைக்கு வந்து முழங்காலிட்டாள்.
எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

கிறிஸெல்டா லேமிங் எதையும் கேட்கவில்லை.
கோயிலுக்கே வராதவள், பத்திரிகையில் படித்தாள்.
அவள் மகளைக் கொன்றவன்
ஜனவரியில் சிறையிலேயே தூக்கத்தில் செத்தான்.
மேற்கு வாசலில் அட்டை பிடித்து நின்றாள்.
மழையில் மை வழிந்தும் படிக்க முடிந்தது:
அப்படியானால் அவன் எங்கே?

தேநீர் கொண்டுபோனேன். வாங்கவில்லை.
என் கையிலிருந்து எப்படி வாங்குவாள்.

பிறகு எட்டுச் சபைகள் காணிக்கையை நிறுத்தின.
சதுப்போரத்துச் சபை, பிள்ளைகளின் திடப்படுத்தலுக்குப்
பக்கத்துப் பேராயரை அழைத்தது.
அவர் கார்மேல் யாரோ மீன்குடல் கொட்டினார்கள்.
பெயர் போடாத ஒரு பொட்டலத்தில்
கையால் பின்னிய கம்பளிக் கையுறை வந்தது,
ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிது.
சினாடில் நாலு மணி நேரம் ஒரே கேள்வி:
வாக்கியத்தை முடியுங்கள்.
எழுந்தார். "பிரசங்கம் முடிந்துவிட்டது" என்றார். உட்கார்ந்தார்.
ஆணவம் என்றார்கள்.
ஆணவம்தான். வேறு ஏதோவும் இருந்தது அதில்,
எனக்குப் பெயர் தெரியவில்லை.

என்னையும் விசாரித்தார்கள்.
பீடத்தடியில் நின்றவள் நீதானே,
உதட்டைப் பார்த்திருப்பாயே?
இல்லை ஐயா. குனிந்து
பையில் வேறு பேட்டரி தேடிக்கொண்டிருந்தேன்.
பெப்பர்மின்ட் கிடைத்தது. மணிக்கூண்டுச் சாவி கிடைத்தது.

அட்வென்ட்டுக்கு முந்தின வியாழன்
அவர் போகிறார்.
உடைமாற்றும் அறையில் அங்கியைக் கழற்றி மாட்டினார்.
மைக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்,
உடம்புச் சூடு இன்னும் ஆறாமல்.
கதவுப் பிடியில் கைவைத்து,
"ஹெஸ்டர்" என்றார். முதல் தடவை.
"அன்றைக்கு எதுவரை கேட்டீர்கள்?"

"இரு" என்றேன்.

தெற்குக் கூரை மறுபடி ஒழுக ஆரம்பித்திருந்தது.
வாளியில் ஒரு சொட்டு. நெடுநேரம் கழித்து இன்னொன்று.
அவர் பிடியிலிருந்து கையை எடுத்தார்,
பாடகர் பிள்ளைகளின் குட்டை நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தார்,
இடதுகால் ஷூவின் நாடாவை முழுக்க அவிழ்த்து
முதலிலிருந்து கோக்கத் தொடங்கினார்.