மூட்டுக்குள் மட்டும்

டெல்பர்ட்,
மாத்திரை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.
ஒவ்வாமை ஏதும் உண்டா என்ற படிவத்தில்
பெனிசிலினுக்குக் கீழே
உன் பெயரை எழுதினேன்.
நர்ஸ் கென்ட்ரா அதை இரண்டு தடவை படித்தாள்.
யார் என்று கேட்கவில்லை.
இந்தக் கவுண்டியில் யாரும் கேட்பதில்லை.

இருபத்தாறு வருஷம்
பதினான்காம் நம்பர் பள்ளி பஸ்ஸின் பிரேக்கை மிதித்த முழங்கால்.
கனாவா ஆற்றோரத்து வளைவெல்லாம்
அதற்குள்தான் தேய்ந்து கிடந்தது.
மூட்டை மாற்றிவிட்டு
தையல் போடுமுன் கொஞ்சம் மார்ஃபின் செலுத்துவோம்
என்றார் டாக்டர் ப்ரூயிட்.
மூட்டுக்குள் மட்டும்.
ரத்தத்தில் கலப்பது சொற்பம், தலைக்கு ஏறாது.
புண்பட்ட சதையில்தான் அதற்குக் கதவு திறக்குமாம்.
கூச்ச சுபாவமுள்ள ஒரு விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல்
சொன்னார்.

அந்த விருந்தாளியை எனக்குத் தெரியும்.
நம் வீட்டில் ஆறு வருஷம் தங்கியது.
புல்வெட்டும் மிஷினை விற்றது.
ஜனவரி மாதத்தில்
என் பனி டயர் நான்கையும் கழற்றி விற்றது.

விழித்தபோது சாயங்காலம்.
வெளியே பார்க்கிங்கில்
லாரி பனியை வழித்துக்கொண்டிருந்தது.
ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எத்தனை, ஓபல்?
தேடிப் பார்த்தேன்.
கால் இருந்தது. கனமாக, ஐஸ் பைக்குக் கீழே.
கடைசிப் பிள்ளையும் இறங்கிப் போனபின்
இன்ஜினை அணைத்தால்
பின் சீட்டுவரைக்கும் கேட்குமே ஓர் அமைதி,
அது.

ஒன்று, என்றேன்.
அழுகை வந்துவிட்டது.
வலிக்கிறதா வலிக்கிறதா என்று ஓடிவந்தாள்.
வலிக்கவில்லை, அதனால்தான்
என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

சுரங்கத்தின் கூரை உன் முதுகில் இறங்கிய வருஷம்
பல்லைக் கடித்துக்கொள் என்றேன்.
அடுத்த வருஷம் சோம்பேறி என்றேன்.
அப்புறம் திருடன்.
ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில்,
எல்லார் எதிரிலும்.
நீ எதை வாங்கப் போனாய் என்று
எனக்குத் தெரியாது, டெல்பர்ட்.
இதைத்தான்.
என் முழங்காலுக்கு ஒரு ராத்திரி வாய்த்ததை
உடம்பு முழுக்க,
தினமும்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்லவரவில்லை.
அந்த டயர்களை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

நாலு மணிக்கு வலி வந்தது.
முதலில் தையலோரம் ஒரு குறுகுறுப்பு.
பிறகு எலும்புக்குள் யாரோ
கியர் மாற்றுவதுபோல்.
நாலு. ஐந்து.
மணியை அழுத்தக் கூடாது என்று ஆறுவரை இருந்தேன்.
ஏழில் அழுத்தினேன்.

கென்ட்ரா டைலனால் தந்தாள்,
புது ஐஸ் வைத்தாள்,
காலைத் தலையணைமேல் உயர்த்தினாள்.
வேறு ஏதாவது வேண்டுமா? என்று
வாசலில் நின்று கேட்டாள்.
அந்த வேறு ஏதாவது என்னவென்று
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஐஸ் போதும், என்றேன்.
சொன்னது வாய்.
முழங்கால் என்ன சொன்னது என்பதை
உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.