கணவாய்க்கு இந்தப் பக்கம்

முதலில் அவை பேசிக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன்.
கோச்சடை ஆபீசில் ஒரு சர்வர்,
சிக்கந்தரின் மடியில் ஒரு லேப்டாப்.

இது உன்னிடம் இருக்கிறதா?
இல்லை.
இதற்கு முந்தையது?
இல்லை.
அதற்கும் முந்தையது?

ஒரு கேள்வி போய் ஒரு பதில் வந்து
அப்புறம்தான் அடுத்த கேள்வி.
நான்கு லட்சம் மாற்றங்கள், பதினோரு வருடத்துக் கிளைகள்.
புதிதாய் ஒன்பது கமிட்டை வாங்கிக்கொள்ள
நாற்பது நிமிடம்.
"பொண்ணு பாக்க வந்தவங்ககூட
இம்புட்டுக் கேக்க மாட்டாங்கக்கா" என்றான் சிக்கந்தர்.

ஆனி மாதம் முழுக்கக் கேள்வியைத்தான் திருத்தினேன்.
ஒன்றொன்றாகக் கேட்காதே,
இருநூறாய் அள்ளிக் கேள்:
கிளை நுனியிலிருந்து கொஞ்சம், வேரடியில் கொஞ்சம்,
நடுவில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம்.
ஒன்று இருக்கிறதென்றால் அதன் முன்னோர் அத்தனையும் இருக்கும்.
ஒன்று இல்லையென்றால் அதன் வாரிசு எதுவும் இருக்காது.
இந்த இரண்டு வரியை நம்பினால் போதும்.
மூன்று கேள்வியில் முடிந்தது.
நாற்பது நிமிடம்
பதினோரு நொடி ஆனது.

டெஸ்ட் எழுதினேன், ஐந்நூறு.
விதை எண் கொடுத்தால் முளைக்கும் பொய்க் களஞ்சியங்கள்.
ஒரே கோடாய் நீண்டவை,
பிரிந்து ஒட்டி மறுபடி பிரிந்தவை,
ஒன்றுமே இல்லாத வெறுங்களஞ்சியம் ஒன்று.
அதுதான் முதல் நாள் என்னைக் கவிழ்த்தது.
பிறகு எல்லாம் பச்சை.
ஏசி அறையில், ஒரே மேசையில்,
ஒரு முழக் கம்பியின் இரண்டு முனையில்
பச்சை.

"பச்சைதான். நான் நாளைக்குத் தேனி வண்டி ஏறுறேன்."

ஆரப்பாளையத்தில் காலை ஐந்து நாற்பதுக்கு எடுத்த பஸ்.
அவன் போன்தான் இணைப்பு.
வேண்டுமென்றே பெரிய மூட்டையாக ஐயாயிரத்து நானூறு மாற்றம்.
என் திரையில் அவன் ஊர்ந்தான்.
நாகமலையில் எண்பது மில்லிநொடி,
செக்கானூரணியில் அறுநூறு,
உசிலம்பட்டியில் முறுக்குக் கூடை ஏறியதாகச் செய்தி,
இணைப்பு நலம்.
கணவாயில் வண்டி வளைந்ததும்
அவன் இல்லை.

ஏழு நிமிடம்.
நகம் கடிக்கும் வயதில்லை எனக்கு. கடித்தேன்.

ஆண்டிபட்டிப் பக்கம் இறங்கி அவன் மறுபடி தெரிந்தபோது
ஐயாயிரத்து இருநூற்றுப் பதினேழு வந்து உட்கார்ந்திருந்தது.
அது பிழையில்லை,
அறுந்தால் அறுந்ததுதான்.
மீதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்று பார்த்தால்,
கடைசி நுனி உன்னிடம் இருக்கிறதா?
இருக்கிறது.
அப்படியானால் உன்னிடம் எல்லாமே இருக்கிறது, என்றது என் சர்வர்.
புதிதாக ஒன்றும் இல்லை.
வெற்றி.
பச்சை.

நூற்று எண்பத்து மூன்று மாற்றம் எங்கேயும் இல்லை,
கேட்க ஆளும் இல்லை.
வேகத்துக்காகச் சின்னதையெல்லாம் முன்னால் தள்ளியவள் நான்.
தகப்பன் வருமுன்னே பிள்ளை வந்து
வாசலில் பெயர் எழுதிக்கொண்டது.

இப்போது, வந்ததெல்லாம் தாழ்வாரத்தில் காத்திருக்கும்.
கடைசி இலை விழும்வரை
பந்தியில் யாரும் கை வைக்க முடியாது.
நடுவில் அறுந்தால்
ஒன்றுமே வரவில்லை என்று கணக்கு.
பதினோரு நொடி பதினான்கானது.
அந்த மூன்று நொடியை யார் கேட்டாலும் தருவதாயில்லை.

ஐந்நூற்று ஒன்றாவது டெஸ்டின் பெயர் கணவாய்.
விதை எண் 540.
ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு மணிக்கு
ஒரு பைட்டுக்குப் பிறகு அறுக்கும்,
இரண்டு பைட்டுக்குப் பிறகு அறுக்கும்,
மூட்டை தீரும்வரை அறுத்துக்கொண்டே போகும்.
நேற்று முன்தினம் சிவப்பு காட்டியது.
எழுந்து உட்கார்ந்து பார்த்தேன், டிஸ்க் நிரம்பியிருந்தது, அவ்வளவுதான்.
அழித்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

சிக்கந்தர் பஸ் டிக்கெட்டை ஒட்டிப்
பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில்
'சிக்னல் இல்லாத இடம்' என்று எழுதிக் கொடுத்தான்.
கணக்குப் பிரிவு லூர்துசாமி சாரிடம்
மூன்று முறை கேட்டாயிற்று.
இன்னும் பதில் இல்லை.